அஃப்ரோடைட்டி: ஒரு தெய்வப் பெயரின் வரலாறு

அஃப்ரோடைட்டி என்பது பண்டைய கிரேக்கர் காதலுக்கும் அழகுக்கும் உரியவளாக வழிபட்ட தெய்வத்தின் பெயராகும். அவள் கடல்நுரையில் தோன்றியதாலேயே இப்பெயர் பெற்றாள் என்று கவிஞர் ஹெசியோட் ‘தியோகொனி’ என்னும் நூலில் கூறி, நுரையைக் குறிக்கும் ‘அஃப்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை அதற்கு வேராகக் காட்டினார். இவ்விளக்கம் மிக அழகியதேயாயினும், பொருள் மறைந்துபோன பழம்பெயருக்கு ஒலியொப்புமை பற்றிக் கற்பிக்கப்பட்ட காரணம் இது என்றே மொழியியலாளர் பெரும்பாலும் கருதுகின்றனர். கிரேக்க மொழியின் மிகப் பழைய சான்றுகளான ‘லீனியர் பி’ களிமண் ஏடுகளில் சீயஸ், ஹீரா, பொசைடன் ஆகிய பெயர்கள் இருக்க, இவள் பெயர் காணப்படவில்லை. இவள் வழிபாடு தழைத்த சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் நகரிலோ, அரசர்கள் தம்மை ‘வனஸ்ஸா’வின், அதாவது அரசியின், பூசகர் என்றே கல்வெட்டுகளில் பொறித்தனர்.

சைப்ரஸில் கிரேக்கரோடு கலந்து வாழ்ந்த பினீசியர், அஷ்டார்ட் என்னும் தம் தெய்வத்தை இவளோடு ஒன்றாகக் கண்டனர். தமிழ் விவிலியத்தில் அஸ்தரோத் என வருபவள் அவளே. இவ்விணைப்பு எவ்வளவு இயல்பாக நிகழ்ந்தது என்பதை ஏதென்ஸில் கிடைத்த இருமொழிக் கல்லறைக் கல் ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. அஸ்கலோன் நகரத்தவனான இறந்தவனைக் கிரேக்கப் பகுதி அஃப்ரோடிசியோஸின் மகன் என்றும், பினீசியப் பகுதி அப்தஷ்டார்ட்டின் மகன் என்றும் குறிக்கிறது. பின்னைய பெயருக்கு அஷ்டார்ட்டின் அடியான் என்பது பொருளாதலின், தந்தையின் பெயரில் ஒரு தெய்வத்தின் இடத்தில் மற்றொரு தெய்வம் தயக்கமின்றி வைக்கப்பட்டுள்ளமை விளங்கும். இத்தாலியிலும் இம்முறையே நிலவியது: எத்துருஸ்கர் அவளைத் துரான் என்றும், உரோமர் வீனஸ் என்றும் தத்தம் பெயரால் வழங்கினர்.

பெயரின் ஒலியே பயணம் செய்த இடம் இந்தியாவாகும். கிரேக்கச் சோதிடம் இங்கு வந்தபோது கோள்களின் கிரேக்கப் பெயர்களும் உடன் வந்தன. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் இயற்றிய ‘பிருகஜ்ஜாதகம்’ சுக்கிரனுக்கு, அதாவது வெள்ளிக் கோளுக்கு, ‘ஆஸ்புஜித்’ என்ற பெயரையும் தருகிறது. அஃப்ரோடைட்டியின் திரிபான இச்சொல்லின் இறுதி, ‘இந்திரஜித்’ என்பதிற்போல, வென்றவன் எனப் பொருள்படும் வடமொழி விகுதியாக உருமாறியது. கிரேக்கரின் காதல் தேவி இவ்வாறு அசுரகுருவாகிய ஆண் தெய்வத்தின் பெயருக்குள் புகுந்தமை, இப்பெயர் வரலாற்றின் மிக வியப்பான நிகழ்வு எனலாம்.

கிறித்தவ மரபிலும் இப்பெயர் நிலைத்தது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் உடன் ஊழியனாகப் போற்றும் எப்பாப்பிரோதீத்துவின் பெயர், அஃப்ரோடைட்டியின் அருள் பெற்றவன் என்னும் பொருளுடையது.