தூரத்தில் இருப்பவர்க்கும் பங்கு உண்டு

ஊரில் நடந்த கலியாண வீடியோ இங்கே ஸ்காபரோவில் எங்கட கணனிக்கு வந்து சேருகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. சிறு பொதிகளாக உடைத்துத்தான் அனுப்புவார்கள். பொதி கிடைத்ததும் மறுபக்கக் கணனி பதில் அனுப்பும். 1986 இல் கலிபோர்னியாவில், பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் 400 யார் தள்ளியிருந்த ஆய்வுகூடத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிற் ஓடிய இணைப்பு 40 பிற்றுக்கு விழுந்தது. பதில் வராத கணனிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பின. நெரிசலான 401 பெருந்தெருவில் இன்னும் கார்களை இறக்கினால் என்னவாகும்?

வான் ஜேக்கப்சன் என்பவர் 1988 இல் வழி காட்டினார். அவ்வழியில் வந்த விதி இது: பொதி தொலைந்தால் அனுப்புவதைப் பாதியாகக் குறை, ஒழுங்காகப் போனால், பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொதி கூட்டு. எங்கட தொழிற்சாலை பெல்ற்றிலும் முன்னால் பெட்டி தேங்கினால், பின்னால் நிற்பவர் கையை மெதுவாக்கத்தானே வேணும்?

ஆனால் இவ்விதியால் தூரத்தில் இருப்பவருக்கு நட்டம். கிட்ட இருப்பவருக்குப் பதில் உடனே வரும். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒளி கண்ணாடி இழையில் போய்வரவே 0.1 விநாடிக்கு மேல் வேணும். ஆகவே பொதி தொலைந்தபின் தூரத்தவர் எழும்புவதும் மெதுவாகத்தான். 2003 இல் சலி புளோய்ட் அம்மையார் கணக்குக் காட்டினார். விநாடிக்கு 1000 கோடி பிற் வேகம், போய்வர 0.1 விநாடி என்றால் எந்நேரமும் 83,333 பொதிகள் வழியில் இருக்க வேண்டும். அது பாதியானால் மீண்டு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும்!

இதற்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இஞ்ஜொங் றீயும் கூட்டாளிகளும் 'கியூபிக்' என்ற முறையைக் கண்டார்கள். ஏ.எல். கணிதத்தில் நாங்கள் கீறிய முப்படி வளைகோடுதான் அது. முதலில் வேகமாக ஏறும்; முன்பு பொதி தொலைந்த அளவை நெருங்க மெதுவாகும்; அங்கே வழி இருந்தால் மீண்டும் வேகமெடுக்கும். எத்தனை பதில் வந்தது என்று எண்ணாமல், கடைசியாகப் பொதி தொலைந்து எவ்வளவு நேரமாயிற்று என்றே பார்க்கும். அதனால் தூரத்தவரும் கிட்டத்தட்ட மற்றவர்களுடன் சேர்ந்தே ஏறலாம். 2006 இல் லினக்ஸ் இதை வழமை முறையாக்கியது.

தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரின் பங்கு குறையக்கூடாது. இந்த நியாயம் எம்மவர்க்கு நன்றாக விளங்கும். கணிதம் என்னத்துக்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.