வாரம் ஐந்து மார்க்!

சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். ஆனால், ஒரு அரசாங்கமே கார் சீட்டு நடத்தி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பட்டை நாமம் சாத்திய கதை தெரியுமா?

நடத்தியவர்... அடால்ஃப் ஹிட்லர்!

1930-களில் ஜெர்மனியில் கார் என்பது பணக்காரர் சமாசாரம். 'தொழிலாளியும் குடும்பத்தோட கார்ல போகணும், விலை ஆயிரம் மார்க்கைத் தாண்டக்கூடாது' என்றார் ஹிட்லர். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்துக் கொடுத்தார். இன்ஜின் பின்பக்கம், ரேடியேட்டரே கிடையாது, குளிர வைப்பது வெறும் காற்று! விலை 990 மார்க். வாரம் ஐந்து மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டைகள் நிரம்பினால் வாசலில் கார்! மே 1938-ல் தொழிற்சாலைக்கு அடிக்கல்லும் நாட்டியாயிற்று.

அதே நேரம், பக்கத்து நாடான பிரான்ஸில் சிட்ரோயென் கம்பெனியின் பியேர் பூலான்ஷே தன் இன்ஜினீயர்களிடம் வேறொரு கார் கேட்டார். 'விவசாயி ஐம்பது கிலோ உருளைக்கிழங்கோடு சந்தைக்குப் போகணும். கூடையில முட்டை வெச்சு உழுத வயல்ல ஓட்டினாலும் ஒண்ணுகூட உடையக் கூடாது!' அதுதான் 'டூ சி.வி.'. குதிரை வண்டிக்காரர்களுக்கான அந்தக் காருக்குப் பெயரே 'இரண்டு குதிரை'தான்!

1939 செப்டம்பரில் யுத்தம். பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. தன் கார் நாஜிகள் கையில் சிக்கக் கூடாதென்று, தயாராக இருந்த சோதனைக் கார்களில் பெரும்பாலானவற்றை உடைக்கச் செய்து, சிலவற்றை ஒளித்தும் வைத்தது சிட்ரோயென். அவற்றில் மூன்று, ஒரு கொட்டகைப் பரணிலிருந்து 1990-களில்தான் வெளியே வந்தன!

ஜெர்மனியில் என்ன நடந்தது? மக்கள் காருக்கான தொழிற்சாலையில் ராணுவ வண்டிகள் தயாராயின. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வலுக்கட்டாயமாக இழுத்து வரப்பட்டவர்கள். வதைமுகாம் கைதிகளும் உண்டு. ஸ்டாம்ப் ஒட்டியவர்களில் ஒருவருக்குக்கூட ஹிட்லர் கார் தரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஜெர்மன் தொழிற்சாலையைத் தூசு தட்டி ஓட வைத்தவர், பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். எதிரி நாட்டுக்காரர்! 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் 'டூ சி.வி.' வெளிவந்தது. 375 சி.சி., ஒன்பது குதிரை சக்தி. பத்திரிகைகள் கேலி செய்தன. ஜனங்களோ வருடக் கணக்கில் க்யூவில் காத்திருந்து வாங்கினார்கள்.

1990-ல் போர்ச்சுகலில் கடைசி 'டூ சி.வி.' வெளிவந்தபோது மொத்தக் கணக்கு 38 லட்சத்துக்கும் மேல். நாம் 'பீட்டில்' என்று அழைக்கும் ஜெர்மன் காரோ 2003-ல் மெக்ஸிகோவில் ஓய்வு பெறும்போது இரண்டு கோடியே பதினைந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

எண்ணிக்கையில் பீட்டில் ஜெயித்தது. சரி, அந்த அட்டைக்காரர்கள்? விடாமல் கோர்ட் படியேறினார்கள். 1961-ல் சமரசம். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குப் புதுக் காரில் 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாமா... அதிகபட்சம் 100 மார்க் ரொக்கம்!