வெள்ளையடித்த சுவர்

2012-ல் மகன் வீட்டுக்கு முதன்முறையாக அமெரிக்கா போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினோம். 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில் அது. மன்ஹாட்டனிலிருந்து 7-ம் நம்பர் ரயிலில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங். ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகும் வண்டி, குவீன்ஸ் பக்கம் வந்ததும் மேலே ஏறிப் பாலத்தின் மேல் ஓடுகிறது. அப்படி ஏறிய சற்று நேரத்தில் என் மனைவி, "இங்க பாருங்களேன்!" என்று ஜன்னலைக் காட்டினாள்.

ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். அடிமுதல் மொட்டைமாடி வரை ஓர் அங்குலம் விடாமல் படங்கள். பூதாகாரமான முகங்கள், கண்ணீர் விடும் கண்கள், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட எழுத்துகள். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் மட்டும், "யார் வீட்டுச் சுவரோ, இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறார்களே" என்று முணுமுணுத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. ரயில்வே பணிமனை ஒன்றில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பழைய பெயின்டைச் சுரண்டி, மக்கு பூசி, தேய்த்து, எனாமல் அடித்துப் பளபளவென்று ஒரு பெட்டியை வெளியே அனுப்புவோம். மறுவாரமே அதில் யாராவது ஆணியால் பெயர் கீறியிருந்தால் எப்படி இருக்கும்? நியூயார்க் ரயில் பெட்டிகளின் கதையைக் கேட்டபோது என் அனுதாபமெல்லாம் அந்த ஊர் ரயில்வேக்காரர்கள் பக்கம்தான் இருந்தது.

கதை 1970 வாக்கில் தொடங்குகிறது. 183-ம் தெருவில் குடியிருந்த ஒரு பையன், கடிதங்கள் கொண்டுகொடுக்கும் வேலையில் ஊரெல்லாம் சுற்றும்போது, போகுமிடமெல்லாம் 'டாக்கி 183' என்று மார்க்கரால் எழுதிக்கொண்டே போனான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவனைப் பற்றி எழுதியது. அவ்வளவுதான், ஊரில் உள்ள பையன்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். மார்க்கர் போய் ஸ்ப்ரே பெயின்ட் வந்தது. பெயர் எழுதியது போய், ஒரே இரவில் ஒரு முழுப் பெட்டியையே ஓவியமாக்கும் அளவுக்கு வளர்ந்தது.

நகர நிர்வாகம் சும்மா இருக்குமா? 1981-ல் 7-ம் நம்பர் தடத்துப் பெட்டிகளுக்கு வெள்ளை அடித்தார்கள். வண்டிகள் நிற்கும் யார்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். வெள்ளைப் பெட்டி எழுதுகிறவனுக்கு இன்னும் வசதி என்பதை ஒரு பெயின்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பிறகு அடர் சிவப்பு அடித்தார்கள். 1984 முதல் ஒரு கண்டிப்பான முறை வந்தது: சுத்தம் செய்த வண்டியில் மறுபடி எழுத்து விழுந்தால், அதைத் துடைக்கும்வரை வண்டி ஓடாது. எழுதியவனே தன் எழுத்து ஓடுவதைப் பார்க்க முடியாது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், ஐந்து வருட வேலை. 1989 மே 12-ல் ஒரு பெட்டியில்கூடக் கிறுக்கல் இல்லை என்று அறிவித்தார்கள். அந்தப் பணிமனைத் தொழிலாளிகளுக்கு இன்றைக்கும் நான் சலாம் போடுவேன்.

ஆனால் இதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. 1973-லேயே, சமூகவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் இந்தப் பையன்களில் சிலரைக் கூட்டிச்சேர்த்து, கான்வாஸில் வரையச் சொல்லி ஒரு காலரியில் கண்காட்சி வைத்தார். 1980-ல் டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் பெரிய கண்காட்சி நடந்தது. 1981-ல் பி.எஸ்.1 என்ற பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இன்னொன்று. தெருச் சுவர்களில் 'சேமோ' என்று எழுதித் திரிந்த பாஸ்கியா என்ற இளைஞர் அதில்தான் கவனத்துக்கு வந்தார். 27 வயதில் இறந்துபோனார். 1982-ல் அவர் வரைந்த ஒரு மண்டையோட்டுப் படம் 2017-ல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஒரு பக்கம் துடைக்கச் சம்பளம், மறு பக்கம் வாங்க ஏலம்!

ரயில் பெட்டிகள் கைவிட்டுப் போனபின் எழுதுகிறவர்கள் சுவர்களுக்கு வந்தார்கள். நாங்கள் ஜன்னலில் பார்த்தது அப்படி ஒரு சுவர்தான். 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்று பெயர். தண்ணீர் மீட்டர் செய்த பழைய தொழிற்சாலை அது. பி.எஸ்.1 கட்டடம் தெருவுக்கு எதிர்ப்புறத்திலேயே இருக்கிறது. நான் நினைத்ததுபோல் திருட்டுத்தனமாக வரைந்தது அல்ல. உரிமையாளரின் சம்மதத்தோடு, 2002 முதல் ஓர் ஓவியரே பொறுப்பாளராக இருந்து, யாருக்கு எந்தச் சுவர், எத்தனை நாள் என்று பிரித்துக் கொடுத்து நடத்தியது. நான் முணுமுணுத்தது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

2014 மே மாதம் இரண்டாம் முறை போனோம். அதே ரயில், அதே கோயில். கட்டடம் இருந்தது, படங்களைக் காணோம். முழுவதும் வெள்ளை. வெள்ளைக்கு அடியில் அங்கங்கே பழைய கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. என் மனைவி ஒன்றும் பேசவில்லை.

அதே வாரம் மகன் எங்களை ஐந்தாம் அவென்யூவில் உள்ள நியூயார்க் நகர அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். அங்கே கிராஃபிட்டிக் கண்காட்சி. மார்ட்டின் வாங் என்ற ஓவியர் அந்தப் பையன்களிடமிருந்து வாங்கிச் சேர்த்து 1994-ல் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்ட படங்கள். அவற்றில் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். லேடி பிங்க் என்ற பெண், 1982-ல் வரைந்தது. பெயர் 'கிராஃபிட்டியின் மரணம்'. ஸ்ப்ரே டப்பாக்கள் குவிந்த மேட்டின்மேல் ஒரு பெண் துணியில்லாமல் நிற்கிறாள். அவள் கை நீட்டும் இடத்தில் இரண்டு ரயில்கள். ஒன்று முழுக்க வண்ணம், இன்னொன்று வெறும் வெள்ளை. கனவில் வருகிற மாதிரி ஒரு படம். இத்தனை வருடம் நான் அந்த வெள்ளை ரயிலின் பக்கமே நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஷாப்பின் பின்சுவர் ஞாபகம் வந்தது.

எங்களிடம் ஒரு பெயின்டர் இருந்தார். என்னைவிட மூத்தவர். நம்பர் எழுதுவதில் அவர் கைக்கு ஸ்கேலே வேண்டாம். மிஞ்சிய எனாமலை வைத்து, சாப்பாட்டு நேரத்தில் பின்சுவரில் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். அய்யனார் குதிரை ஒன்று நீராவி எஞ்சினை இழுத்துப் போகும். எஞ்சின் புகை மேகமாகும், மேகத்தில் மீன்கள் நீந்தும். அப்படியொரு கற்பனை. ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1984-ல் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர் லீவில் ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பையன்களை விட்டு நான்தான் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னேன். திங்கள்கிழமை வந்தவர் சுவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வேலைக்குப் போய்விட்டார். வந்த அதிகாரி பின்சுவர்ப் பக்கமே வரவில்லை.

ஃபைவ் பாயின்ட்ஸ் கதையும் கிட்டத்தட்ட அதேதான். உரிமையாளர் அங்கே அடுக்குமாடி கட்ட விரும்பினார். ஓவியர்கள் தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள், கிடைக்கவில்லை. நீதிபதி தன் விரிவான உத்தரவை வெளியிடுவதற்கு முன்பே, 2013 நவம்பர் 19 விடிவதற்குள் இரவோடிரவாக வெள்ளையடித்துவிட்டார்கள். 21 ஓவியர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள், அந்த லேடி பிங்க் உட்பட. 1990-ல் வந்த ஒரு சட்டப்படி, கட்டடத்திலிருந்து எடுக்கக்கூடிய ஓவியமென்றால் வரைந்தவருக்கு 90 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும். 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 45 ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் டாலர், மொத்தம் 67.5 லட்சம் டாலர். மேல்கோர்ட்டிலும் அது நின்றது. இடிக்க அனுமதி வரும்வரை, இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் இப்படித் தீர்ப்பு எழுதியிருக்க மாட்டேன் என்ற பொருளில் நீதிபதி சொன்னதுதான் என் மனதில் தைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பிரமாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைத் தன்னைக் கேட்காமல் அகற்றியதற்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பி அரசாங்கத்தின்மீது வழக்குப் போட்டு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

அந்த வருடம், விசாரித்துக்கொண்டு பெயின்டரின் ஊருக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். காபி வந்தது. பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சுவர் விஷயத்தை எடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஷாப் சுவருதானே சார், எப்பவாச்சும் அடிக்கத்தான் போறாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒரு கோட் அடிச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு முன்னாடி எம் பொண்ணைக் கூட்டியாந்து ஒரு தடவை காமிச்சிருப்பேன்" என்றார்.

அந்தச் சுவரின் போட்டோ ஒன்றுகூட யாரிடமும் இல்லை. வெளியே வரும்போது, அதுவரை வாசல்நிலையில் நின்று நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மகளிடம், குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மீன்கள் என்ன நிறம் என்று எனக்கு ஞாபகம் இருந்தவரை சொல்லிவிட்டு வந்தேன்.