நாட்பட்ட கண் அழற்சியும் லேசர் பார்வைத் திருத்தமும்

லேசிக் முதலிய லேசர் சிகிச்சைகள் கருவிழியின் வளைவை மாற்றி, கண்ணாடியின் தேவையைக் குறைக்கின்றன. நலமான கண்ணில் இவை பெரும்பாலும் நல்ல பலன் தருகின்றன. யுவைட்டிஸ், ஸ்கிளரைட்டிஸ் (கண்ணின் வெண்படல அழற்சி), கடும் ஒவ்வாமை, நீடித்த கண் உலர்வு போன்ற அழற்சி நோய்கள் உள்ளவருக்கு இவற்றைச் செய்யலாமா என்பது நோயின் வகை, அது அடங்கியிருக்கும் காலம், எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகிய மூன்றையும் பொறுத்தது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை ஒட்டிய எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் பேசும் மக்கள் கண் சிகிச்சைக்கு இரு மாநிலங்களுக்கும் செல்வதால், இம்முடிவோடு அங்கு வேறு சில நடைமுறைச் செய்திகளும் சேர்கின்றன.

சிகிச்சை முறை

இச்சிகிச்சையின் அடிப்படையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் அவரும் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் ஆகியோரும் எக்ஸைமர் லேசரின் புறஊதாக் கதிர் உயிர்த்திசுவைச் சுற்றுப்புறம் கருகாமல் நுட்பமாகச் செதுக்குவதைக் கண்டனர். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல், சீனிவாசனுடன் இணைந்து இதைக் கருவிழியில் சோதித்தார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995இல் எக்ஸைமர் லேசர் பார்வைத் திருத்தத்துக்கு அனுமதி அளித்தது.

இன்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன. பி.ஆர்.கே. முறையில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டுப் பரப்பின்மீது லேசர் செலுத்தப்படுகிறது. லேசிக் முறையில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மடலை மீண்டும் மூடுகின்றனர். ஸ்மைல் முறையில் மடல் இல்லை. கருவிழிக்குள் லேசரால் வில்லை வடிவில் ஒரு துண்டைப் பிரித்து, சிறு கீறல் வழியாக வெளியே எடுக்கின்றனர். கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் உள்ளது. லேசிக் செய்த பின் மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. எடுத்த திசு மீண்டும் வளர்வதில்லை.

அழற்சியின் வகைகள்

யுவைட்டிஸ் என்பது கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் அழற்சி. முன்பகுதியில் வந்தால் கண் சிவந்து வலிக்கும், வெளிச்சம் கூசும். பின்பகுதியில் வந்தால் வலியில்லாமலே பார்வை மங்கலாம். எச்.எல்.ஏ. பி27 மரபுக்கூறோடு தொடர்புள்ள மூட்டு நோய்கள், சார்காய்டோசிஸ் முதலியன உலகெங்கும் காணப்படும் காரணங்கள். இந்தியாவில் காசநோயும் தொற்றுகளும் இவற்றோடு சேர்கின்றன. 1993 வெள்ளத்துக்குப் பின் மதுரை வட்டாரத்தில் பரவிய எலிக்காய்ச்சலைத் தொடர்ந்து பலருக்கு யுவைட்டிஸ் வந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை பதிவு செய்துள்ளது. காய்ச்சல் தணிந்து வாரங்களோ மாதங்களோ கழித்தும் கண்ணில் இது வெளிப்படலாம். எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் கேரளத்திலும் வழக்கமாகக் காணப்படும் நோய் என்பதால், வயலிலும் சேற்றிலும் வேலை செய்வோரின் மருத்துவ வரலாற்றில் இதையும் கேட்டறிவது அவசியம்.

குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் வரும் கடும் ஒவ்வாமையில் கண் அரிப்பு மிகுதி. கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் கருவிழி கூம்பிப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயோடு தொடர்புடையது. அந்நோய் இருந்தால் லேசிக் செய்யக் கூடாது. ஹெர்ப்பிஸ் வைரஸ் கருவிழியைத் தாக்கியிருந்தால், லேசருக்குப் பின் அது மீண்டும் கிளம்பலாம்.

அழற்சியுள்ள கண்ணில் நேரக்கூடியவை

முதல் சிக்கல் அளவின் நிலையின்மை. விழித்திரையின் மையத்தில் நீர் கோத்தாலும், நாட்பட்ட அழற்சியாலும் ஸ்டீராய்டாலும் கண்புரை தோன்றினாலும் கண்ணாடி பவர் மாறும். மாறிக்கொண்டிருக்கும் பவரை லேசரால் நிலைப்படுத்த முடியாது.

இரண்டாவது, காயம் ஆறுவது. அறுவையே அழற்சியைத் தூண்டி நோயை மீண்டும் எழுப்பலாம். லேசிக் மடலுக்கு அடியில் அழற்சி அணுக்கள் சேர்வதும், பி.ஆர்.கே.க்குப் பின் கருவிழி மங்குவதும் அறியப்பட்ட பக்கவிளைவுகள்.

மூன்றாவது, உலர்வு. லேசிக் கருவிழி நரம்புகளை அறுப்பதால் நலமான கண்ணிலும் சில மாதங்கள் உலர்வு இருக்கும். கண்ணீர் வற்றும் ஷோக்ரன் நோய், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இது கடுமையாகி, கருவிழிப் புண்ணிலும் முடியலாம்.

நான்காவது சிக்கல் பெரும்பாலும் கவனத்துக்கு வராமல் போவது. யுவைட்டிஸ் நோயாளிகளுக்கு அழற்சியாலும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் கண்ணின் உள்ளழுத்தம் ஏறுவதுண்டு. லேசருக்குப் பின் கருவிழி மெலிந்துவிடுவதால் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளோக்கோமா தொடங்கியிருந்தும் தெரியாமல் போகலாம். பிற்காலத்தில் கண்புரைக்குச் செயற்கை வில்லை பொருத்தும்போது அதன் பவரைக் கணக்கிடுவதும் கடினமாகிறது.

தகுதியும் முன்சோதனையும்

தன்னுடல் தாக்கு நோய், இணைப்புத்திசு நோய், நோய் எதிர்ப்புக் குறைவு, கெரட்டோகோனஸ், கர்ப்பம், பாலூட்டும் காலம் ஆகியவற்றை லேசிக் சிகிச்சைக்குத் தடையாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறித்துள்ளது. எனினும் நோய் நன்கு அடங்கி, கருவிழியும் கண்ணீரும் சீராக உள்ள சிலருக்குக் கவனத்தோடு செய்து நல்ல பலன் கண்ட பதிவுகளும் மருத்துவ இலக்கியத்தில் உள்ளன.

யுவைட்டிஸ் உள்ள கண்ணில் கண்புரை அறுவைக்கே குறைந்தது 3 மாதங்கள் அழற்சி அடங்கியிருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. பார்வைத் திருத்தம் அவசரமற்றது. ஆதலால் பல மருத்துவர்கள் அதைவிட நீண்ட காலம் காத்திருக்கச் சொல்கின்றனர். கண் சிவப்பு மறைந்தது மட்டும் அழற்சி அடங்கியதற்குச் சான்றாகாது. பிளவு விளக்குப் பரிசோதனை, கருவிழி வரைபடம், தடிமன் அளவு, கண்ணீர்ச் சோதனை, உள்ளழுத்தம், மருந்திட்டு விழித்திரையைப் பார்த்தல், விழித்திரையின் மையமான மாக்குலாவின் ஓ.சி.டி. (குறுக்குவெட்டு) படம் ஆகியன தேவை. கண்ணாடி பவர் குறைந்தது ஓராண்டாவது மாறாமல் இருந்திருக்க வேண்டும். மென்மையான கான்டாக்ட் லென்ஸை ஓரிரு வாரங்களும், கடினமானதை அதைவிட நீண்ட காலமும் சோதனைக்கு முன் கழற்றி வைக்க வேண்டும்.

எல்லைக் கிராமங்களில்

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதை அடுத்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்திலும் (இன்றைய தமிழ்நாடு) அமைந்தன. பாறசாலையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66இல் ஒருபுறம் திருவனந்தபுரமும் மறுபுறம் களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலும் உள்ளன. திருவனந்தபுரத்தில் அரசு வட்டாரக் கண் மருத்துவ நிறுவனம் உள்ளது. நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும், திருநெல்வேலியில் 1988இல் தொடங்கிய அரவிந்த் கிளையும் இருக்கின்றன.

ஒரு முறை கேரளத்திலும் மறுமுறை தமிழ்நாட்டிலும் மருத்துவம் பார்ப்பவரின் மருத்துவப் பதிவுகள் சிதறிவிடுகின்றன. அழற்சி எழுந்த தேதிகள், எந்தக் கண், பயன்படுத்திய ஸ்டீராய்டின் பெயரும் அளவும், இரத்தச் சோதனை முடிவுகள், பழைய கண்ணாடிச் சீட்டுகள் ஆகியவை ஒரே கோப்பில் இருந்தால்தான் நோய் எவ்வளவு காலம் அடங்கியிருக்கிறது என்பதை மருத்துவர் கணிக்க இயலும். கண் சிவந்ததும் தொற்றால் வரும் செங்கண் நோய் என்று கருதி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றுவது இக்கணிப்பைக் குலைக்கும். அது உள்ளழுத்தத்தையும் ஏற்றலாம்.

இவ்வட்டாரத்தின் பாலராமபுரம் கைத்தறி போன்ற நுண்ணிய வேலைகளில் கண் சிமிட்டுவது குறைவதால் உலர்வு கூடும். சிகிச்சைக்குப் பின் நெய்யாற்றிலும் குளத்திலும் மூழ்கிக் குளிப்பதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். காவல், இராணுவப் பணிகளை நாடும் இளைஞர்கள் லேசர் செய்த கண் பற்றிய விதியை அந்தந்தப் பணியின் அறிவிப்பில் முன்கூட்டியே பார்ப்பது நல்லது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டுக்கான சிகிச்சையை இந்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

மாற்று வழிகள்

கண்ணுக்குள் பொருத்தும் ஐ.சி.எல். வில்லை, மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கு லேசருக்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது ஐரிஸுக்குப் பின்னால் அமர்வதால் யுவைட்டிஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கான்டாக்ட் லென்ஸும் அழற்சி எழும் நாட்களில் உகந்ததன்று. கண்ணாடி எந்த அழற்சியையும் தூண்டுவதில்லை. பவர் மாறினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

அடிக்கடி அழற்சி எழும் கண்ணுக்கும், ஸ்டீராய்டை நிறுத்தினால் நோய் திரும்பும் கண்ணுக்கும் கண்ணாடியே சரியான திருத்தம். நீண்ட காலம் அடங்கியிருக்கும் கண்ணுக்கு, அழற்சியைக் கவனித்துவரும் மருத்துவரும் லேசர் செய்யும் மருத்துவரும் கலந்து உடன்பட்ட பிறகே சிகிச்சை செய்ய வேண்டும்.