விடை பெற்றவரும் விரட்டப்பட்டவரும்

ஓய்வு! உழைத்தவன் பெறுகின்ற உரிமை அது. ஆண்டு பல பாடுபட்டு, தலை நரைத்து, "போதும், இனி இளையோர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று தானே எழுந்து, தான் அமர்ந்திருந்த நாற்காலியைத் தன் கையாலேயே நகர்த்தி வைத்துவிட்டுச் செல்கிறானே ஒருவன், அவன் பெறும் பெருமை பொன்னாலும் பொருளாலும் வாங்க இயலாதது. அந்தப் பெருமை தகுதி உடையார் அனைவருக்கும் கிடைத்ததா? அல்லது, தகுதிக்கு முன்னால் நிறம் வந்து நின்று கை நீட்டித் தடுத்ததா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே விடை இருக்கிறது. பள்ளிக்கூட விளையாட்டுத் திடலிலே இருக்கிறது. இரண்டு ஆசிரியர்களின் வாழ்விலே இருக்கிறது.

அமெரிக்கர் 'கால்பந்து' என்று அழைப்பது நாம் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினொருவர், பந்தைக் கையில் ஏந்தி, எதிரியை முட்டி மோதித் தள்ளி முன்னேறுகின்ற முரட்டு ஆட்டம். வெள்ளிக்கிழமை இரவு வந்தால் சிற்றூர்களிலே கடைத்தெரு வெறிச்சோடும்; ஊரே பள்ளித் திடலில் திரளும். அந்தத் திடலின் ஓரத்தில் நின்று ஆணையிடுபவர்தான் தலைமைப் பயிற்சியாளர். யார் ஆடுவது, யார் அமர்ந்திருப்பது என்று தீர்ப்பளிப்பவர் அவர். எந்த மாணவனுக்குக் கல்லூரி உதவித் தொகை கிடைக்கும் என்பதிலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவர் வெறும் ஆட்டம் கற்பிப்பவர் அல்லர், எதிர்காலத்தின் வாயிற்காவலர்!

முதலாமவர் ஜான் மெக்கிசிக். தென் கரோலினா மாநிலத்துச் சம்மர்வில் உயர்நிலைப் பள்ளியில் 1952ஆம் ஆண்டு பொறுப்பேற்ற வெள்ளையர். 2014ஆம் ஆண்டுப் பருவம் வரை, 63 பருவங்கள், ஒரே பள்ளி, ஒரே பொறுப்பு. 621 வெற்றிகள், 155 தோல்விகள், 13 சமநிலைகள். பத்து முறை மாநில வாகை. 2015இல், 88ஆம் வயதில், அவர் ஓய்வு பெற்றார். எந்த நாளில் எழுவது என்று அவரே முடிவு செய்தார். அவர் பெயரால் ஆடுகளம் நிற்கிறது. அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய பேரன். உழைத்தார், ஓய்வு பெற்றார், வாழ்த்துவோம். அவர்மீது நமக்கு வழக்கு ஒன்றுமில்லை.

இரண்டாமவர் ஹெர்மன் பூன். 1935இல் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் நகரில் பிறந்த கறுப்பர். 1961இல் அதே மாநிலத்து வில்லியம்ஸ்டன் என்னும் சிற்றூரில், கறுப்பின மாணவர்க்கென்றே ஒதுக்கப்பட்ட ஈ. ஜே. ஹேய்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளரானார். ஒன்பது ஆண்டுகள். 99 வெற்றிகள், 8 தோல்விகள்!

கணக்குப் பார்ப்போம், பகுத்தறிவாளர்க்குக் கணக்கு கசக்காது. மெக்கிசிக்கின் அணி ஆடிய நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 79 வெற்றி. பூனின் அணிக்கு நூற்றுக்கு 92க்கும் மேல். ஆடிய களம் வேறு, எதிர்த்த அணிகள் வேறு. ஆகவே இவரைவிட அவர் பெரியவர் என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றே. நூற்றுக்கு 79 வென்றவர் 63 பருவங்கள் வீற்றிருந்தார். நூற்றுக்கு 92 வென்றவர் ஒன்பதாம் ஆண்டில் ஏன் வெளியேறினார்?

தோற்றாரா? இல்லை. களைத்தாரா? முப்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன காளை! பின் என்னதான் நேர்ந்தது? சமத்துவம் நேர்ந்தது! ஆம், வியப்பாகத்தான் இருக்கும். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற கொடுமை அந்த ஊரில் ஒழிந்தபோதுதான், அந்தக் கறுப்பரின் நாற்காலி பறிபோயிற்று.

இந்தப் புதிரை அவிழ்க்க, சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அமெரிக்க உச்சநீதிமன்றம், நிறத்தால் பிரிக்கப்பட்ட பொதுப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, நானிலம் போற்றிய தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு எழுதுவது ஒருவர் கையில், அதைச் செயலாக்குவது வேறொருவர் கையில்! தென்பகுதி மாநிலங்கள் சாக்குச் சொல்லின. சட்டத்தில் சந்து தேடின. 'விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம்' என்று ஏட்டில் எழுதிவிட்டு, நாட்டில் பழைய வேலியையே காத்தன. அந்த ஏமாற்று போதாது என்று 1968இலும், இனி ஒரு நாளும் தாமதம் கூடாது என்று 1969இலும் உச்சநீதிமன்றம் மீண்டும் இடித்துரைக்க வேண்டி வந்தது. பதினைந்து ஆண்டுகள் இழுத்தடிப்பு!

வேறு வழியில்லை என்றானபோது, ஆதிக்கக்காரர்கள் புதியதொரு சூழ்ச்சி கண்டனர். பள்ளிகளை இணைக்கிறோம் என்றனர், இணைத்தனர். எப்படி இணைத்தனர்? கறுப்பர் பள்ளி மூடப்படும், அல்லது நடுநிலைப் பள்ளியாக இறக்கப்படும். வெள்ளையர் பள்ளியின் பெயர் நிலைக்கும், கொடி நிலைக்கும், தலைமையாசிரியர் நிலைப்பார், பயிற்சியாளரும் நிலைப்பார். கறுப்பின மாணவன் உள்ளே வரலாம். அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் வெளியே நிற்கவேண்டும்! மெக்கிசிக்கின் சம்மர்வில் ஊரிலேயே ஆல்ஸ்டன் என்ற கறுப்பர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. பிரிவினை ஒழிந்த காலத்தில் உயர்நிலைத் தகுதியை இழந்தது அதுவே. பல ஊர்களில், மூடப்பட்ட பள்ளிகளின் வெற்றிக் கோப்பைகள்கூடக் குப்பையோடு சேர்ந்தன.

இது தற்செயலா? அல்லவே அல்ல. தீர்ப்பு வருமுன்னரே, 1953இல், கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரப் பள்ளி நிர்வாகம் கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதியது. வழக்கு உங்கள் பக்கம் முடிந்தால், வெள்ளைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லக் கறுப்பின ஆசிரியர்களை வைத்துக்கொள்ள ஊரார் விரும்பமாட்டார்கள். ஆகவே அடுத்த ஆண்டு உங்களுக்கு வேலை உறுதியில்லை என்பது அதன் கருத்து. பிரிவினையை வீழ்த்திய வழக்குப் பிறந்ததே அந்த நகரத்தில்தான். உரிமைக்கு வழக்காடினால் ஊதியம் போகும் என்ற மிரட்டல் அது!

மிரட்டல் செயலாயிற்று. 1954க்கும் 1965க்கும் இடையே, தென்பகுதியையும் அதன் எல்லையையும் சேர்ந்த 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர். பூனின் வட கரோலினாவிலே 1963இல் உயர்நிலைப் பள்ளிகளில் 209 கறுப்பினத் தலைமையாசிரியர்கள் இருந்தனர். 1970இல் பத்துப் பேருக்கும் குறைவு! தொடக்கப் பள்ளிகளில் 620 பேர் 170 ஆனார்கள். ஏழே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் தலைமையே துடைத்தெறியப்பட்டது. வேலை பறிபோனவர்களில் சிலர் துணைப் பதவிகளுக்கு இறக்கப்பட்டனர். சிலர் புதிய பெயருள்ள வெற்றுப் பதவிகளில் அமர்த்தப்பட்டனர். சிலர் ஓய்வு பெற்றார்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டது. ஓய்வாம், ஓய்வு! அது ஓய்வா?

இனி வில்லியம்ஸ்டனுக்குத் திரும்புவோம். 1963இல் கோல்டன் ஃபிரிங்க்ஸ் என்னும் தலைவரின் கீழ் கறுப்பின மக்கள் நாள்தோறும் ஊர்வலம் சென்று உரிமை கேட்ட ஊர் அது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1969இல், பள்ளிகள் இணைந்தன. 99 வெற்றி கண்ட பூனுக்குச் சொல்லப்பட்டது என்ன? கறுப்பர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்க ஊர் இன்னும் பக்குவப்படவில்லை. துணைப் பயிற்சியாளராக இருந்துகொள்ளலாம் என்பதே.

காலம் கனியவில்லை! உலகில் எந்த ஆதிக்கமும் தன் வாயால் 'கனிந்தது' என்று சொன்னதில்லை. கறுப்பினச் சிறுவன் ஓடி வெற்றி தேடித் தரட்டும், அதற்குக் காலம் கனிந்துவிட்டது. கறுப்பர் நின்று ஆணையிடுவதற்கு மட்டும் கனியவில்லையாம்! உழைப்பு வேண்டும், தலைமை வேண்டா. கால் வேண்டும், மூளை வேண்டா! தன் மகன் ஒரு கறுப்பரைப் பார்த்து, 'ஆகட்டும் ஐயா' என்று சொல்லும் காட்சியைக் காண வெள்ளைத் தந்தையின் கண் கூசிற்று. அந்தக் கூச்சத்துக்கு ஊர் சூட்டிய பெயர் 'பக்குவம்'.

பூன் அதை ஏற்கவில்லை, வெளியேறினார்.

எல்லோரும் அப்படி வெளியேறவில்லை. சில இடங்களில் ஊரே எதிர்த்து நின்றது. அதே வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் ஹைடு என்ற மாவட்டம். எங்கள் பள்ளிகளை மூடாதே என்று, 1968இல் தொடங்கி ஓர் ஆண்டுக்காலம், கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடினர். பிரிவினை வேண்டும் என்றா போராடினர்? இல்லை. இணைப்பு வேண்டும், ஆனால் அது எங்கள் ஆசிரியரை அழித்து வருவதாக இருக்கக் கூடாது என்று போராடினர். இறுதியில் பள்ளிகளைக் காத்தனர். சமத்துவத்தின் இலக்கணத்தை நீதிமன்றத்தைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தனர் அந்த எளிய மக்கள்.

பூன் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகருக்குச் சென்று, டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்தப் பெயருக்குரியவர் யார்? அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்து, பள்ளி இணைப்பை எதிர்த்தவர். தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரும் வழக்கில் பெயர் கொடுத்த குற்றத்துக்காக, பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த கறுப்பினத் தாயை 1958இல் வேலையிலிருந்து நீக்கியவர்!

1971இல் அந்நகரத்தின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளிலிருந்த மேல்வகுப்பு மாணவர் அனைவரும் அந்த ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டனர். தலைமைப் பயிற்சியாளர் யார்? ஹேமண்ட் பள்ளியில் புகழ்பெற்றிருந்த வெள்ளையர் பில் யோஸ்ட் என்றே பலரும் எதிர்பார்த்தனர். பூன் அமர்த்தப்பட்டார். முணுமுணுப்பு எழுந்தது. யோஸ்ட் விலகிப் போயிருக்கலாம், போகவில்லை. கறுப்பர் ஒருவரின் கீழ்த் துணைப் பயிற்சியாளராகப் பணிபுரிந்தார். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. 13 ஆட்டங்கள், 13 வெற்றிகள், இறுதி ஆட்டத்தில் 27க்குச் சுழியம், மாநில வாகை! இரண்டே ஆண்டுகளுக்கு முன் வில்லியம்ஸ்டன் கனியவில்லை என்று சொன்ன காலம், அலெக்சாண்டிரியாவில் மட்டும் எப்படிக் கனிந்தது? யாரோ ஒருவர் ஆணையில் கையெழுத்திட்டார், கனிந்தது. அவ்வளவுதான் கனிவின் இரகசியம்!

இந்த வெற்றியை 2000ஆம் ஆண்டில் ஹாலிவுட் படமாக்கியது. டென்சல் வாஷிங்டன் பூனாக நடித்தார். உலகம் கண்டு கண் கலங்கியது. 1971இன் வாகையைத் திரை விரித்துக் காட்டிற்று; வாகை சூடாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆயிரமாயிரம் ஆசிரியருக்குத் திரையில் இடம் ஏது?

பூனைத் தெய்வமாக்கவும் வேண்டா. தெய்வம் செய்யும் தொழில் நம்முடையதன்று. 1979இல் அவர் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மாணவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டும், துணைப் பயிற்சியாளர்களின் மனக்குறையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மறைக்கமாட்டோம். ஆனால், இரண்டு நீக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1979இல் கேட்கப்பட்டது, 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்வி. அது எவரையும் கேட்கத்தக்க கேள்வி; அதற்கு விடை சொல்லலாம், வாதாடலாம், திருந்தலாம். 1969இல் கேட்கப்பட்டதோ, 'நீ யாருக்குப் பிறந்தாய்?' என்ற கேள்வி. அதற்கு 99 வெற்றிகளும் விடையாக மாட்டா. 999 வெற்றிகளும் விடையாக மாட்டா. செயலை எடைபோடுவது நீதி; பிறப்பை எடைபோடுவது அநீதி. இந்த வேற்றுமையை உணராத சமுதாயம் எத்தனை கோப்பை வென்றாலும் தோற்ற சமுதாயமே.

2019ஆம் ஆண்டு மே மாதம் யோஸ்ட் மறைந்தார். நவம்பரில் மெக்கிசிக் மறைந்தார். டிசம்பரில் பூன் மறைந்தார். மூவரும் ஒரே ஆண்டில்! 2021இல் அந்தப் பள்ளியின் பெயரும் மாறிற்று. சமையற்காரத் தாயை நீக்கியவரின் பெயர் அகற்றப்பட்டு, அலெக்சாண்டிரியா நகர உயர்நிலைப் பள்ளி என்றாயிற்று. ஐம்பது ஆண்டுகள் தாழ்ந்து வந்தாலும் நீதி வந்தது. பெயர்ப் பலகைக்கு வந்த நீதி, 1969இல் நாற்காலி இழந்தவர்களுக்கு வரவில்லை. அவர்களிற் பலர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டனர்.

இளைஞனே! கதவு திறந்தது என்று எங்கேனும் முரசு கொட்டினால், மகிழ்ச்சி கொள். ஆனால் உள்ளே சென்று எண்ணிப் பார். விசிப்பலகையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்தாதே. நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்றும் பார். ஒருவர் ஓய்வு பெற்றார் என்று செய்தி வந்தால், அவராக எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா என்று கேள். பிள்ளைக்கு இடம் கொடுத்து ஆசிரியரை விரட்டுகின்ற சமத்துவம் அரைச் சமத்துவம். மீதி அரையைக் கேட்டு வாங்கும் வரை நமக்கு ஓய்வு இல்லை!