இடிக்கப் பார்த்த கச்சேரி அரங்கு... போஸ்டருக்கு அலைமோதும் ரசிகர்கள்!

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள ரைமன் அரங்கில் கச்சேரி கேட்க வருபவர்கள், நினைவு போஸ்டர் ஒன்றையும் ஆசையாக வாங்கிப் போகிறார்கள்.

அச்சடிப்பது 1879-ல் தொடங்கிய ஹாட்ச் ஷோ பிரிண்ட் அச்சகம். மரத்தில் செதுக்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து, மை தடவி, தாளை அழுத்தி எடுக்கிறார்கள். ஒரு கலருக்கு ஒரு தடவை. 3 கலர் என்றால் அதே தாள் 3 தடவை மெஷினுக்குள் போய் வரணும். தேய்ந்த எழுத்தில் அங்கங்கே மை விட்டுப்போகும். அந்த அழகுக்குத்தான் காசு!

அரங்கின் கதையும் லேசுப்பட்டதல்ல. 1892-ல் கட்டி முடித்தபோது இது பிரசங்க கூடம். படகு முதலாளி தாமஸ் ரைமன், ஒரு பாதிரியார் பேச்சில் மனம் மாறி கட்டியது. ரசிகர்கள் இன்றும் உட்காருவது சர்ச் பெஞ்சில்தான்.

1943 முதல் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற ரேடியோ கச்சேரி இங்கு களைகட்டியது. 1974-ல் அது புது அரங்குக்குப் போனது. போகும்போது பழைய மேடைப் பலகையில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்துப்போய் புது மேடையில் பதித்தார்கள். பழைய கட்டிடத்தையோ 'இடிச்சிடலாம்' என்றார்கள்! எதிர்ப்பு கிளம்பவே தப்பியது. ஆனாலும் கச்சேரி கிட்டத்தட்ட நின்றே போனது. பழுது பார்த்து 1994-ல்தான் மறுபடி திறந்தார்கள்.