சரக்கு வராத ஊருக்கு வரி

அம்பத்தூரில் என் உறவுக்காரப் பையன் ஒருத்தன் ஆன்லைனில் கைக்கருவிகள் விற்கிறான். குடோன் கிடையாது. ஐதராபாத்திலிருந்து ஆர்டர் வந்தால் லூதியானா சப்ளையர் நேரே அங்கே அனுப்பிவிடுவார். டிராப் ஷிப்பிங்காம். "சரக்கு அம்பத்தூருக்கு வரவே இல்லையே மாமா, நான் எந்த ஊருக்கு வரி கட்டணும்?" என்று கேட்டான். புதுக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா இதுக்கு எழுபது வயசு.

பொது விற்பனை வரியை 1939-இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தவர் ராஜாஜி. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட அரை சதவீதம். சரக்கு எல்லை தாண்டும்போதுதான் தகராறு. 1950 அரசியல் சட்டத்தின் 286-வது பிரிவை வைத்து, சரக்கு போய்ச் சேரும் மாநிலமே வரி போடலாம் என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது (யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கு).

கல்கத்தாவில் தடுப்பு மருந்து தயாரித்த பெங்கால் இம்யூனிட்டி கம்பெனியைப் பீகார் அரசு பதிவு செய்யச் சொன்னது. கம்பெனிக்கு அங்கே ஆபீஸும் இல்லை, குடோனும் இல்லை. பத்து மாநிலத்துக்கு விற்றால் பத்து ஊர் வரி ஆபீஸுக்குக் கணக்கு காட்டணும்! 1955 செப்டம்பரில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாலுக்கு மூணு என்ற கணக்கில், முந்தைய தீர்ப்பை மாற்றியது. அடுத்த வருஷமே அரசியல் சட்டத் திருத்தம், கூடவே மத்திய விற்பனை வரிச் சட்டம். சரக்கு கிளம்பும் மாநிலத்துக்கே வரி என்று முடிவானது. ஆரம்பத்தில் ஒரு சதவீதம்.

அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாரி வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே, லாரி ரசீதின் பின்னால் கையெழுத்துப் போட்டு சரக்கை இன்னொருவருக்கு விற்றுவிடலாம். அன்றைய டிராப் ஷிப்பிங்! அனுப்பியவரிடமிருந்து இ-1 ஃபாரம், வாங்கியவரிடமிருந்து சி ஃபாரம் வந்துவிட்டால் இரண்டாவது விற்பனைக்கு வரி இல்லை. வராவிட்டால் நடுவில் இருப்பவர் தலையில் விழும். ஃபாரத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்த வியாபாரிகள் எத்தனையோ பேர்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. இதைத் தலைகீழாக்கியது. வரி மறுபடியும் போய்ச் சேரும் மாநிலத்துக்கு. ஆனா 1953-இன் பயம் திரும்பவில்லை, காரணம் ஐ.ஜி.எஸ்.டி. சொந்த மாநிலப் பதிவு ஒன்றே போதும், மாநிலப் பங்கைப் பிரிப்பது அரசின் வேலை.

பையன் விஷயத்தில் இரண்டு பில். லூதியானாக்காரர் இவன் பேரில் ஐ.ஜி.எஸ்.டி. போட்டு பில் தருவார், டெலிவரி முகவரி மட்டும் ஐதராபாத். சரக்கை இவனே பெற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதால் அந்த வரி இவனுக்குக் கிரெடிட். இவன் ஐதராபாத்துக்காரருக்குப் போடும் பில்லிலும் ஐ.ஜி.எஸ்.டி. கிரெடிட்டைக் கழித்து மிச்சத்தைக் கட்டினால் போதும்.

வலி வேற இடத்தில். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கிறவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். வெளிமாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருட்கள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில் ஆன்லைன் சிறு விற்பனையாளர்களுக்குக் கொடுத்த சலுகையும் மாநில எல்லைக்குள்தான். பத்து ஆபீஸ் ஒன்றாகக் குறைந்தது பெரிய விஷயம்தான். ஆனா வருஷத்துக்கு மூணு லட்சம் விற்கிறவனுக்கும் மாசாமாசமோ மூணு மாசத்துக்கொரு தடவையோ ரிட்டர்ன் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"அப்போ தெலங்கானாவுல தனியா பதிய வேண்டாம்ல?" வேண்டாம் என்றேன். அன்று ராத்திரியே விண்ணப்பத்தைத் திறந்தான். முதன்மை வணிக இடம் என்ற கட்டத்தில் வீட்டு முகவரியைப் போட்டான். அப்பா பேரில் இருக்கும் கரண்ட் பில்லைத் தேடப் போயிருக்கிறான்.